3.0 டர்போ டீசலை 3.5 ஆக்கலாமா? கிராங்க், பிஸ்டன் எல்லாம் கையில கிடைக்குது, ஆனா மனசு ரெண்டுபட்டு நிக்குது

பழைய300:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க, ஏன்னா ஒரு தடவை போரிங் போட்டு சிலிண்டரை அகலமாக்கிட்டா திரும்ப வர வழியே கிடையாது.

என்கிட்ட 1989 மாடல் மெர்சிடிஸ் டபிள்யூ 124 இருக்கு, 300 டி டர்போ. உள்ள இருக்கிறது ஓஎம் 603, ஆறு சிலிண்டர், 2996 சிசி, போர் (சிலிண்டரோட விட்டம்) 87 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 84 மில்லி, நாலு கியர் ஆட்டோமேட்டிக். அப்பா ஓட்டின வண்டி, இப்போ 11 வருஷமா நான் ஓட்டுறேன். இன்ஜினை இதுவரைக்கும் பிரிச்சதே இல்ல. கொஞ்ச நாளா கூலன்ட் மெதுவா குறையுது, வெளிய எங்கயும் சொட்டல, காலைல ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருது, அதனால ஹெட்டை (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கிற பாகம்) இறக்கியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

இப்போ விஷயம் என்னன்னா, தெரிஞ்சவர் ஒருத்தர் 3.5 லிட்டர் ஓஎம் 603 இன்ஜின் ஒண்ணை பிரிச்சு வச்சிருக்காரு. பிளாக் விரிசல் விட்டுடுச்சு, ஆனா கிராங்க் (பிஸ்டன் ஓட்டத்தை சுத்தலா மாத்துற தண்டு), ஆறு பிஸ்டன், அது ரெண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு எல்லாம் இருக்கு. எடுத்துக்கோன்னு சொல்றாரு. அதுல போர் 89, ஸ்ட்ரோக் 92.4, மொத்தம் 3449 சிசி. எப்படியும் ஹெட்டை கழட்டத்தானே போறேன், கூடவே பிளாக்கையும் இறக்கி 89க்கு போரிங் போட்டு அந்த கிராங்கை உள்ள வச்சா 450 சிசி கூடிடும், வண்டியும் நல்லா இழுக்கும்னு ஒரு ஆசை. வண்டி இப்போ ரொம்ப மந்தமா இருக்கு, ஏத்தத்துல லாரிக்குப் பின்னாடி மாட்டினா ஓவர்டேக் பண்ண மனசே வரமாட்டேங்குது. முன்னாடி இப்படி இல்ல.

யாராவது செஞ்சிருக்கீங்களா? செய்யலாமா வேணாமா?

டீசல்புகை:

தம்பி, நேரா சொல்லிடுறேன், இழுவைக்காக மட்டும்னா வேணாம். ஏன்னு சொல்றேன், அதைப் படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

பெட்ரோல் இன்ஜின்ல, அதுவும் டர்போ இல்லாததுல, சிசி கூட்டினா பவர் கூடும்ங்கறது சரிதான். ஏன்னா உள்ள இழுக்கிற காத்து எவ்வளவோ அவ்வளவுதான் பவர், காத்தை கூட்ட வேற சுலபமான வழி கிடையாது. டர்போ டீசல்ல காத்தை தள்றது டர்போ, பவரை முடிவு பண்றது பம்ப் ஊத்துற டீசல். இந்த ரெண்டையும் தொடாம சிலிண்டரை மட்டும் பெருசாக்கினா என்ன ஆகும்? அதே அளவு டீசல், கூடுதல் காத்து, எக்ஸாஸ்ட் சூடு குறையும், புகை குறையும், பவர் அப்படியேதான் நிக்கும். உராய்வு கூடினதுக்கு கொஞ்சம் இறங்கவும் செய்யலாம்.

இதை நான் ஊகத்துல சொல்லல, கம்பெனியே செஞ்சு காட்டின கணக்கு இருக்கு. 3.0 டர்போ 147 ஹார்ஸ்பவர், டார்க் (சுத்துற விசை) 273 நியூட்டன் மீட்டர். அதே குடும்பத்து 3.5, டபிள்யூ 140 எஸ் கிளாஸ்ல வந்தது, 150 ஹார்ஸ்பவர், 310 நியூட்டன் மீட்டர். சிசி 15 சதவீதம் கூடியிருக்கு, டார்க் கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடியிருக்கு, ஆனா பவர் வெறும் 3 குதிரைதான். ஏன்னா 3.0 உச்ச பவரை 4600 ஆர்பிஎம்ல குடுக்குது, 3.5ஐ 4000லயே நிறுத்திட்டாங்க. அதுக்கும் காரணம் இருக்கு. 84 ஸ்ட்ரோக்ல 4600 சுத்தினா பிஸ்டனோட சராசரி வேகம் செகண்டுக்கு 12.9 மீட்டர். 92.4 ஸ்ட்ரோக்ல அதே 4600 சுத்தினா 14.2 மீட்டர். 4000க்கு இறக்கினா 12.3. அவங்க கணக்கு போட்டுத்தான் இறக்கியிருக்காங்க.

இன்னொண்ணு, உங்க வண்டில இன்டர்கூலர் (டர்போ தள்ற காத்தை குளிர வைக்கிற ரேடியேட்டர்) கிடையாது. 0.9 பார் பூஸ்ட்ல (டர்போ கூட்டிக் குடுக்கிற காத்தழுத்தம்) டர்போல இருந்து வெளிய வர காத்து சுமார் 120 டிகிரி இருக்கும். அதை ஒரு நல்ல இன்டர்கூலர் போட்டு 60 டிகிரிக்கு இறக்கினீங்கன்னா, கெல்வின்ல போட்டுப் பாருங்க, 393ஐ 333ஆல வகுத்தா 1.18. அதாவது 18 சதவீதம் கூடுதல் காத்து. குழாய்ல கொஞ்சம் பிரஷர் இழந்தாலும் 15ஓ 16ஓ நிக்கும். கிராங்கை மாத்தி, போரிங் போட்டு, பேலன்ஸ் பண்ணி கிடைக்கிற அதே காத்து, பிளாக்கைத் தொடாமலே கிடைச்சிடுது, கூடவே பிஸ்டன் தலையும் குளிர்ச்சியா இருக்கும்.

நெடுந்தூரம்:

டீசல்புகை அண்ணன் சொன்னது பவருக்கு சரி, ஆனா வண்டி ஓட்டுறவனுக்கு வேண்டியது 4600ல கிடைக்கிற பவரா? ஆட்டோமேட்டிக் வண்டி, 1500ல இருந்து 2500க்குள்ளதான் முக்கால்வாசி நேரம் ஓடுது. அந்த இடத்துல டர்போ இன்னும் முழுசா எழுந்திருக்காது, இன்ஜின் கிட்டத்தட்ட டர்போ இல்லாத டீசல் மாதிரிதான் நடந்துக்கும், அங்க சிசிதான் பேசும். 15 சதவீதம் கூடுதலா காத்து இழுத்தா அவ்வளவு கூடுதலா எக்ஸாஸ்ட் போகும், டர்போவும் சீக்கிரம் எழும்பும். 3.5ல 310 நியூட்டன் மீட்டர் 2000லயே வந்துடுது, 3.0ல 273 வர்றதுக்கு 2400 ஆகணும். ஏத்தத்துல கியர் இறங்காம போற சுகத்தை அனுபவிச்சவங்களுக்குத்தான் அந்த 400 ஆர்பிஎம் வித்தியாசம் தெரியும்.

நான் இந்த இன்ஜின்ல செய்யல. வேற ஒரு நாலு சிலிண்டர் பழைய டர்போ டீசல்ல, தேய்ஞ்ச போரை அடுத்த சைஸுக்கு போட்டு, நீளமான ஸ்ட்ரோக் கிராங்கும் வச்சோம். கீழ்ப்பக்க இழுவை நல்லாவே மாறிச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா உண்மையைச் சொல்லணும், முதல் தடவை போரிங் போட்ட இடத்துல கிராங்கைப் பிடிச்சிருக்கிற மெயின் கேப்பை டைட் பண்ணாம, மேல ஹெட் இருக்கிற மாதிரி அழுத்தம் குடுக்கிற பிளேட்டும் கட்டாம சும்மா வச்சே போட்டுட்டாங்க. ஹெட்டை டைட் பண்ணினதும் போர் கோணிடுச்சு போல, 8000 கிலோமீட்டர்லயே ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது, திரும்ப பிரிச்சோம். ரெண்டாவது தடவை சரியா செஞ்ச இடம் கிடைச்சுது, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் பிரச்சனை இல்ல. அதனால ஆசை தப்பு இல்ல, செய்யற கை முக்கியம்.

லேத்துமேசை:

26 வருஷமா போரிங், கிராங்க் கிரைண்டிங் மட்டும்தான் என் வேலை, அதனால உலோகத்தோட பக்கத்துல இருந்து சொல்றேன், இழுவை பத்தி மத்தவங்க பேசட்டும்.

ஸ்ட்ரோக் 8.4 மில்லி கூடுதுன்னா கிராங்க் பின் மேல 4.2 மில்லி கூடுதலா ஏறும். அந்த 4.2 எங்கயாவது போயாகணும். ஒண்ணு பிஸ்டன்ல பின் ஓட்டை அவ்வளவு மேல இருக்கணும், இல்ல கனெக்டிங் ராடு அவ்வளவு சின்னதா இருக்கணும், இல்லன்னா பிஸ்டன் ஹெட்டைப் போய் முட்டும். அதனால கிராங்க், ராடு, பிஸ்டன் மூணும் ஒரே இன்ஜின்ல இருந்து வந்ததா இருக்கணும், அப்படி இருந்தாலும் உங்க பிளாக்ல போட்டு டயல் வச்சு பிஸ்டன் மேல எவ்வளவு எட்டிப் பாக்குதுன்னு ஆறு சிலிண்டரையும் அளக்காம ஹெட்டை மூடவே கூடாது. கிராங்கோட எதிர்எடை பிளாக் உள்சுவரை உரசுதா, ராடு போல்ட் போர் அடிப்பக்கத்தை உரசுதான்னும் கையால சுத்திப் பாக்கணும்.

அப்புறம் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது சிலிண்டருக்குள்ள காத்து எத்தனை மடங்கு அமுங்குதுங்கறது. 3.0ல அது 22. ஒரு சிலிண்டர் 499 சிசி, அதை 21ஆல வகுத்தா மேல மிச்சம் நிக்கிற இடம் சுமார் 23.8 சிசி. அந்த இடத்தை மாத்தாம சிலிண்டரை மட்டும் 575 சிசி ஆக்கினா ரேஷியோ 25ஐ தாண்டிடும். பூஸ்ட் இருக்கிற இன்ஜினுக்கு அது வேணவே வேணாம், ஹெட் கேஸ்கெட்டும் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு) ராடும்தான் அந்த அடியை வாங்கும். 3.5 பிஸ்டனோட தலையில பள்ளம் எப்படி இருக்கு, உங்க ஹெட்ல ப்ரீசேம்பர் (டீசல் முதல்ல எரியத் தொடங்குற சின்ன அறை) எவ்வளவு, ரெண்டையும் எண்ணெய் ஊத்தி அளந்துதான் சொல்ல முடியும்.

போர் 87ல இருந்து 89க்கு போனா ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல இருக்கிற சுவர்ல 2 மில்லி போயிடும். ஹெட் கேஸ்கெட் சீல் பண்றது அந்த மெல்லிசான இடத்துலதான். உங்க பிளாக் 35 வருஷம் தண்ணியோட நின்னது, உள்பக்கம் எவ்வளவு அரிச்சிருக்குன்னு வெளிய தெரியாது. அல்ட்ராசோனிக் கேஜ் வச்சு சுவரோட தடிமனை அளந்து பாக்காம நான் ஒரு மில்லி கூட எடுக்க மாட்டேன்.

அப்புறம் ராடு விஷயத்தை யாரும் சொல்லல. 3.5 இன்ஜினுக்கு பேர் கெட்டதே அதனாலதான். 1990, 91ல அமெரிக்காவுக்குன்னு வந்த 350 எஸ்டி, 350 எஸ்டிஎல் ரெண்டுலயும், அப்புறம் டபிள்யூ 140லயும், கனெக்டிங் ராடு மெதுவா வளையும்ங்கறது இந்த இன்ஜின் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. வளைஞ்ச ராடு பிஸ்டனை சாய்ச்சு தள்ளும், போர் நீள்வட்டமா தேயும், ஆயில் குடிக்கும், கடைசில ராடு பிளாக்கை உடைச்சுட்டு வெளிய வரும். ஏன் வளையுதுங்கறதுல ரெண்டு கட்சி இருக்கு. ராடே மெல்லிசுன்னு ஒரு கட்சி. ஹெட் கேஸ்கெட் வழியா தண்ணியோ ஆயிலோ சிலிண்டருக்குள்ள கசிஞ்சு நின்னு, ஸ்டார்ட் பண்ணும்போது அதை அமுக்கப் போய் வளைஞ்சதுன்னு இன்னொரு கட்சி. எது சரியா இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கிறது அந்த ராடுதான். பிளாக் விரிசல் விட்ட இன்ஜின்ல இருந்து வர ராடுன்னா முதல் வேலையா ஆறையும் ஜிக்ல (நேரா இருக்கான்னு பாக்கிற சட்டம்) மாட்டி வளைவு, முறுக்கு ரெண்டும் பாருங்க. கண்ணால பாத்தா நேராத்தான் தெரியும்.

பழைய300:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. ராடு வளையற கதை எனக்கு சுத்தமா தெரியாது. அவர்கிட்ட கேட்டேன், பிளாக் எப்படி விரிசல் விட்டுச்சுன்னு அவருக்கே தெரியல, அப்படியே வாங்கினதாம்.

ஒரு சந்தேகம். ராடை மட்டும் தடிமனா புதுசா செஞ்சு வாங்கிட்டா அந்த பயம் போயிடும்ல? அப்புறம் டீசல்புகை அண்ணே, நீங்க பம்ப் பத்தி சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. என் வண்டி முழு ஆக்சிலரேட்டர் மிதிச்சாலும் கரும்புகையே விடறதில்ல. பின்னாடி வந்த நண்பன் கூட சொன்னான், பழைய டீசல் மாதிரியே இல்ல, சுத்தமா இருக்குன்னு. இது நல்லதுன்னுதான் இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

டீசல்புகை:

தம்பி அந்த ஒரு வரிலதான் உங்க கேள்விக்கே பதில் இருக்கு. இதை முதல் பதிவுலயே எழுதியிருக்கலாம்.

அந்தக் காலத்து ப்ரீசேம்பர் டீசல், மெக்கானிக்கல் இன்லைன் பம்ப், முழு மிதி மிதிச்சா ஒரு நொடியாவது லேசா கறுப்பு தட்டணும், அப்புறம் பூஸ்ட் ஏறினதும் தெளியும். சுத்தமா புகையே இல்ல, வண்டியும் மந்தம்னா சிலிண்டருக்குள்ள காத்துக்கு குறைச்சல் இல்ல, டீசல்தான் வரல. இந்த நிலைமைல 450 சிசி கூட்டினா ஏற்கனவே மிச்சம் கிடக்கிற காத்தோட இன்னும் காத்து சேரும், அவ்வளவுதான். எல்லா வேலையும் முடிச்சுட்டு ஓட்டிப் பாத்தா அதே மந்தம் அப்படியே இருக்கும், அப்போ மனசு உடைஞ்சு போயிடும்.

உங்க பம்ப் மேல வட்டமா ஒரு டப்பா மாதிரி ஆல்டான்னு ஒண்ணு இருக்கும். பூஸ்ட் எவ்வளவு இருக்குன்னு உணர்ந்து, அதுக்கு ஏத்த மாதிரி கூடுதல் டீசல் விடச்சொல்லி பம்ப்புக்கு சொல்றது அதுதான். இன்டேக் மேனிஃபோல்டுல இருந்து ஒரு மெல்லிசான குழாய் கிளம்பி, நடுவுல ஒரு சின்ன எலக்ட்ரிக் வால்வு வழியா, ஆல்டாவுக்கு வரும். மேனிஃபோல்டுல ஆயில் ஆவியும் கரியும் சேர்ந்து தார் மாதிரி படியும், அது அந்த குழாய் தொடங்குற ஓட்டையையே அடைச்சிடும். டர்போ ஒழுங்கா பூஸ்ட் குடுத்துட்டு இருக்கும், ஆனா ஆல்டாவுக்கு அந்த செய்தியே போகாது, பம்ப் டர்போ இல்லாத வண்டிக்கு ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டு இருக்கும். இந்த இன்ஜின்ல மந்தம்னு யார் சொன்னாலும் நான் முதல்ல பாக்கிறது இதைத்தான்.

ஹெட்டை இறக்கறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துடுங்க, வண்டி ஓடற நிலைமைல இருக்கும்போதுதான் பாக்க முடியும். மேனிஃபோல்டுல ஒரு பூஸ்ட் கேஜ், ஆல்டா முனையில டி போட்டு இன்னொரு கேஜ். மூணாவது கியர்ல ஏத்தத்துல முழு மிதி. ரெண்டு கேஜும் ஒரே நம்பர் காட்டணும். அதோட ஆக்சிலரேட்டர் லிங்கேஜ் (பெடலை பம்ப்போட இணைக்கிற கம்பிகள்), நீங்க முழுசா மிதிக்கும்போது பம்ப் லீவர் கடைசி வரைக்கும் போகுதான்னு ஒருத்தரை மிதிக்கச் சொல்லிட்டு நீங்க கண்ணால பாருங்க. டீசல் ஃபில்டர் ரெண்டையும் மாத்துங்க. ஆல்டா மேல இருக்கிற ஸ்க்ரூவை மட்டும் இப்போதைக்கு திருகாதீங்க, அடைப்பு இருக்கும்போது அதைத் திருகி சரி பண்ணினவங்க எல்லாம் அப்புறம் புகையோட அலைஞ்சிருக்காங்க.

பம்ப் கணக்கும் சொல்லிடுறேன். 147 குதிரைன்னா 108 கிலோவாட். 4600ல ஆறு சிலிண்டருக்கும் சேத்து செகண்டுக்கு 230 தடவை டீசல் அடிக்கணும். இந்த மாதிரி இன்ஜினோட டீசல் செலவை வச்சு நான் போட்ட கணக்குல ஒரு அடிக்கு சுமார் 40 கன மில்லி, அதாவது கேலிபரேஷன் பெஞ்சுல 1000 ஸ்ட்ரோக்குக்கு 40 சிசி பக்கம் வரணும். பம்ப்பை எப்பவாவது பெஞ்சுல ஏத்தினா இதை மனசுல வச்சுக்கோங்க. 3.5 போட்டாலும் இந்த நம்பரை ஏத்தாம ஒரு குதிரை கூட ஏறாது.

ராடு பத்தி கேட்டீங்க. ஃபோர்ஜ்டு ராடு செஞ்சு போட்டா ராடு வளையற பயம் பெரும்பாலும் போகும், ஆனா லேத்துமேசை அண்ணன் சொன்ன நடுச்சுவர், கேஸ்கெட் ரெண்டும் அப்படியேதான் இருக்கும்.

நெடுந்தூரம்:

புகையே இல்லைன்னா நானும் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன். நல்லா இருக்கிற இன்ஜினை பெருசாக்கறது வேற, கோளாறு இருக்கிறதை பெருசாக்கறது வேற. முதல்ல அந்த கேஜ் டெஸ்ட்டை பண்ணிட்டு வாங்க. கம்ப்ரஷனும் பாத்துடுங்க, இந்த குடும்பத்துக்கு 26ல இருந்து 32 பார் வரைக்கும் நல்ல நிலைமை, சிலிண்டருக்கு சிலிண்டர் 3 பாருக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது.

நிழல்மரம்:

இடைல புகுந்து ஒரு மாத்து வழியும் சொல்லிட்டுப் போறேன். உண்மையிலேயே 200 குதிரைக்கு மேல வேணும்னு மனசு வச்சிருந்தா 603ஐ பெருசாக்கறதை விட ஓஎம் 606 டர்போவை முழுசா தூக்கி வைக்கிறதுதான் அறிவு. அதுவும் 2996 சிசிதான், அதே 87க்கு 84, ஒரு சிசி கூட கூடல பாருங்க. ஆனா 24 வால்வு, இன்டர்கூலர், கம்பெனி குடுத்ததே 177 குதிரை, 330 நியூட்டன் மீட்டர், அந்த டார்க் 1600லயே வந்துடும். 3.5 லிட்டர் குடுக்கிறதை விட அதிகம். டர்போ டீசல்ல சிசி எவ்வளவு சின்ன விஷயம்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது. டபிள்யூ 124லயே 1993க்கு அப்புறம் டர்போ இல்லாத 606ஐ கம்பெனியே வச்சு வித்திருக்கு, அதனால உள்ள உக்காரும். அதோட எலக்ட்ரானிக் பம்ப்பை கழட்டிட்டு உங்க 603 மெக்கானிக்கல் பம்ப்பையே மாட்டி ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, பெரிய பவர் தேடறவங்க அந்த பம்ப்லயே 7.5, 8 மில்லி எலிமென்ட் (டீசலை அமுக்கி அனுப்புற குட்டி பிஸ்டன்) போட்டு 400 குதிரைக்கு மேலயும் போறாங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, 606ல க்ளோ ப்ளக் (குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டரை சூடாக்குறது) கழட்டும்போது ஹெட்டுக்குள்ளயே ஒடிஞ்சு நின்னுக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஆறும் வேலை செய்யுதான்னு பாத்துட்டு வாங்குங்க. எந்த வழில போனாலும் இன்ஜின் நம்பரோ சிசியோ வண்டிப் பேப்பர்ல மாறும், இன்ஷூரன்ஸ்லயும் சொல்லணும், சிசி கூட்டறவங்க பாதிப் பேர் இதை மறந்துடறாங்க.

பழைய300:

பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும், வேலை அப்படி. ஆனா சொல்ல விஷயம் நிறைய இருக்கு.

ரெண்டு கேஜ் வச்சு ஓட்டினோம், நண்பன் ஓட்ட நான் பக்கத்துல உக்காந்து ரெண்டு முள்ளையும் பாத்துட்டே வந்தேன். மேனிஃபோல்டு கேஜ் 0.8 வரைக்கும் அழகா ஏறிச்சு. ஆல்டா பக்க கேஜ் அசையவே இல்ல. அசையவே இல்ல அண்ணே, பூஜ்யத்துலயே நிக்குது. வீட்டுக்கு வந்து மேனிஃபோல்டுல அந்த குழாய் தொடங்குற இடத்து போல்ட்டை கழட்டினா ஓட்டை இருந்த இடமே தெரியல, கல்லு மாதிரி கரி. குழாயை ஊதினா காத்து போகல. நடுவுல இருக்கிற வால்வுலயும் கறுப்பா எண்ணெய் தேங்கி நின்னுச்சு. எல்லாத்தையும் டீசல்ல ஊறப்போட்டு, மெல்லிசு கம்பி விட்டு சுத்தம் பண்ணி, குழாயை புதுசா மாத்திட்டேன். லிங்கேஜும் முழுசா போகல, கடைசில ஒரு விரல் அளவு மிச்சம் நின்னுச்சு, ரப்பர் புஷ் நைஞ்சு போயிருந்துச்சு.

அதுக்கப்புறம் ஓட்டினேன் பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லல. அப்பா ஓட்டும்போது பின் சீட்டுல உக்காந்து நான் பாத்த வண்டி இதுதான். மிதிச்சதும் பின்னாடி லேசா கறுப்பா ஒரு தட்டு, அப்புறம் தெளிஞ்சு, 2000 தாண்டினதும் முதுகைப் பிடிச்சு தள்ளுது. எத்தனை வருஷம் இது இப்படி அடைச்சுக் கிடந்துச்சுன்னு நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

கம்ப்ரஷன் 27, 26, 27, 25, 26, 27. போர் நல்லாத்தான் இருக்குன்னு தோணுது.

அதனால 3.5 வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஹெட்டை மட்டும் இறக்கறேன், பிளாக்கைத் தொடல. அடுத்த கட்டமா இன்டர்கூலர் போடலாம்னு இருக்கேன். ஹெட் வேலைல என்னென்ன கவனிக்கணும்னு லேத்துமேசை அண்ணன் சொன்னா உதவியா இருக்கும்.

லேத்துமேசை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. 25 பார் இருக்கிற அந்த நாலாவது சிலிண்டர் கூட கவலைப்படற மாதிரி இல்ல, அந்த அளவு வித்தியாசம் வால்வு உக்கார்றதுலயே வரும்.

ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு, ஆறு சிலிண்டர் நீளம். சூடானா ரெண்டும் ஒரே அளவு நீளாது, அதனாலதான் இந்த ஹெட் இவ்வளவு தொல்லை குடுக்குது. கழட்டும்போது இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும், சூட்டோட போல்ட்டை விட்டா ஹெட் வளைஞ்சிடும். கழட்டினதும் காஸ்டிங் நம்பரைப் பாருங்க, முடியற இடத்துல 14ன்னு இருந்தா அது ஆரம்ப கால ஹெட், விரிசல் விடறதுல பேர் வாங்கினது. எந்த நம்பரா இருந்தாலும் சூடான தண்ணில போட்டு பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க, குளிர்ந்த நிலைல மூடிக்கிற விரிசல் சூட்டுலதான் வாயைத் திறக்கும். முக்கியமா முதல் சிலிண்டர் பக்கமும், வால்வு ரெண்டுக்கும் நடுவுலயும்.

உயரம் புதுசுல 143 மில்லி, 142.5க்கு கீழ போகக் கூடாது. கண்ணை மூடிட்டு ஸ்கிம்மிங் (ஹெட்டோட அடிப்பக்கத்தை சீவி மட்டமாக்கறது) போடச் சொல்லாதீங்க, நேர்ச்சட்டம் வச்சுப் பாத்து வளைவு இருந்தா மட்டும், அதுவும் தேவையான அளவு மட்டும். ஹெட்டை சீவினா வால்வும் பிஸ்டனை நெருங்கும், ப்ரீசேம்பரும் கூடுதலா கீழ எட்டிப் பாக்கும், ரெண்டையும் திரும்ப அளந்து சரி பண்ணணும். போல்ட் எல்லாம் இழுபடற வகை, பழசையே போடறதா இருந்தா நீளத்தை அளந்து பாருங்க. 80, 102, 115 மில்லின்னு மூணு நீளம், 3.6 மில்லிக்கு மேல நீண்டிருந்தா தூக்கிப் போட்டுடுங்க. நான் புதுசுதான் போடுவேன்.

ஹெட் கீழ இருக்கும்போது சிலிண்டர் சுவர்ல கம்பெனி போட்ட அந்த குறுக்கு ஹோனிங் கோடு (தேய்மானம் இல்லைங்கறதுக்கு அடையாளம்) இன்னும் தெரியுதான்னு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. அப்படியே ஒவ்வொரு பிஸ்டனையும் மேல கொண்டு வந்து டயல்ல எட்டிப் பாக்கிற உயரத்தை அளந்துக்கோங்க. கூலன்ட் குறைஞ்சுட்டு இருந்த வண்டி, ஆறும் ஒரே அளவு வந்தா உங்க ராடு எல்லாம் நேரா இருக்குன்னு நிம்மதி. ஒண்ணு மட்டும் கீழ நின்னா எழுதுங்க, மூடாதீங்க.

டீசல்புகை:

இன்டர்கூலர் போடறப்போ எக்ஸாஸ்ட் சூடு காட்டற கேஜும் டர்போவுக்கு முன்னாடி ஒண்ணு வச்சுக்கோங்க. அதுக்கப்புறம்தான் பம்ப்ல டீசல் கூட்டறதைப் பத்தி பேசணும். ஏத்தத்துல முழு மிதில 700, 750 டிகிரி தாண்டாம இருந்தா பிஸ்டன் பத்திரம். அந்த கேஜ் இல்லாம ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் தொடவே வேணாம்.

பழைய300:

ஹெட் பிரஷர் டெஸ்ட்டுக்கு போயிருக்கு, ரெண்டு நாள்ல வரும். நம்பர் 14 இல்ல, தப்பிச்சேன். ஹோனிங் கோடு ஆறுலயும் பளிச்சுனு தெரியுது, போட்டோ கீழ போட்டிருக்கேன். பிஸ்டன் உயரம் ஆறுக்கும் 0.04 மில்லிக்குள்ளதான் வித்தியாசம்.

கடைசியா ஒண்ணு. அந்த 3.5 கிராங்கை அவர் எனக்கே குடுத்துட்டாரு, வேற யாருக்காவது உதவும்னு வாங்கி வச்சுட்டேன். எப்படி பத்திரப்படுத்தறது?

லேத்துமேசை:

நல்ல காரியம், ஒழுங்கா இருக்கிற கிராங்க் கிடைக்காம தேடறவங்க இருக்காங்க. ஜர்னல் (பேரிங் உக்கார்ற வழவழப்பான இடங்கள்) எல்லாத்துலயும் கெட்டியா கிரீஸ் தடவுங்க, ஆயில் ஓட்டைகளை மூடி, எண்ணெய் துணி சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல கட்டுங்க. படுக்கப் போட வேணாம், ஃபிளைவீல் பக்கம் கீழ இருக்க நிக்க வச்சு, சாயாம ஒரு தூணோட கட்டிடுங்க.